பெற்றோரைப் பேணுதல்: தர்மவியாதரின் இல்லத்துப் பாடம்

மகாபாரதத்தின் வனபர்வத்தில் மார்க்கண்டேய முனிவர் தருமபுத்திரருக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்று கௌசிகர் என்ற தவசியின் கதை. வேதம் கற்பதற்காகப் பெற்றோரின் சம்மதமின்றி வீட்டை விட்டுச் சென்றவர் அவர். ஒருநாள் மரத்தடியில் அமர்ந்திருந்தபோது மேலே இருந்த கொக்கு அவர்மீது எச்சமிட்டது. அவர் சினத்தோடு நோக்கிய மாத்திரத்தில் அது உயிரற்று விழுந்தது. பின்னர் பிட்சைக்குச் சென்ற ஓர் இல்லத்தில், கணவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த பெண்மணி அவரைக் காத்திருக்கும்படி செய்தார். அங்கும் அவருக்குக் கோபம் வந்தது. தாம் கொக்கு அல்லவென்று அப்பெண்மணி அமைதியாகச் சொன்னார். ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்ற பழமொழியோடு தமிழ்நாட்டில் வழங்கும் கதையும் இதே சாயல் கொண்டது.

தர்மத்தின் நுட்பத்தை அறிய வேண்டுமானால் மிதிலையில் இறைச்சி விற்கும் வியாதரிடம் செல்லுமாறு அப்பெண்மணி வழிகாட்டினார். கடைத்தெருவில் அவரைக் கண்ட கௌசிகர், அவரிடமிருந்து நெடுநேரம் தர்மோபதேசம் கேட்டார். உபதேசத்தின் முடிவில் தர்மவியாதர் தம் இல்லத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். அங்கே முதிய தந்தையும் தாயும் உணவு அருந்தி, வெண்ணிற ஆடை உடுத்தி, நல்ல இருக்கையில் மனநிறைவோடு அமர்ந்திருந்தனர். தாம் பெற்ற ஞானத்திற்கெல்லாம் மூலம் இந்தச் சேவையே என்றார் வியாதர். சுவாமி விவேகானந்தரும் கர்மயோகச் சொற்பொழிவில் இக்கதையை எடுத்துரைத்தார்.

தாம் செய்யும் சேவையை வியாதர் விவரிக்கும் இடத்தில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, பெற்றோரைத் தம் கையாலேயே நீராட்டி, பாதங்களைக் கழுவி, உணவளிக்கிறார். இரண்டாவது, அவர்களுக்கு இதமானதையே பேசுகிறார். மனம் நோகும் பேச்சைத் தவிர்க்கிறார். மூன்றாவது, இவை அனைத்தையும் மனைவி மக்களோடு சேர்ந்து செய்கிறார். முதல் இரண்டையும் கதை கேட்பவர்கள் நினைவில் கொள்கிறார்கள். மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோர் சேவையின் உச்சம் எனப் போற்றப்படும் அந்த இல்லத்திலும் சேவை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தப்படவில்லை. இக்காலத்தில் பெற்றோரைப் பேணுபவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

நெடுஞ்சாலை ஓரத்து இல்லம்

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டினால் சந்தாபுரா. அதையும் கடந்தால் அத்திப்பள்ளி. அதற்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லை. 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்தது. தொழிற்பேட்டைகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதியில் வாழ்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தை காலமான பின், சேலம் பக்கத்துக் கிராமத்தில் தனித்திருந்த தாயை மகன் சந்தாபுராவிற்கு அழைத்து வருகிறான். ஊரில் திண்ணை இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். இங்கே நான்காவது மாடி. அக்கம்பக்கத்தில் பேசும் கன்னடமும் இந்தியும் தாய்க்குப் புரிவதில்லை. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குச் சென்றால் திரும்ப இருட்டிவிடுகிறது. ஓராண்டு கழிந்ததும் தாய் அடுப்பை அணைக்க மறக்கிறார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுகிறார். மருமகள் வேலையை விட்டுவிடுகிறாள். பகலில் பணிவிடை, இரவில் விழிப்பு. அவள் கடைசியாகக் கோவிலுக்குப் போனது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

இக்குடும்பத்தில் அன்புக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பவை அறிவும், கைகளும், ஓய்வும். இம்மூன்றும் எங்கிருந்து கிடைக்கும் என்பதே கேள்வி.

முதல் துணை: அறிவு

‘வயதானால் அப்படித்தான்’ என்ற சொல்லைப் பேணுபவர்கள் எளிதில் ஏற்கக்கூடாது. நேற்று வரை தெளிவாக இருந்த முதியவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ குழம்பிப் பேசினால், அது பெரும்பாலும் உடலில் தோன்றிய வேறொரு நோயின் அறிகுறி. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் அல்லது உப்புச்சத்துக் குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை அதற்குக் காரணமாகலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் மறதி வேறு வகை. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் சுமார் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆயினும் மறதி எல்லாம் இந்நோய் ஆகிவிடாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே பரிசோதனை அவசியம். பெங்களூருவில் இதே ஓசூர் சாலையில் அமைந்துள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் முதியோரின் மனநலத்திற்கும் நினைவாற்றல் குறைபாடுகளுக்கும் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

வீட்டில் செய்ய வேண்டியவையும் உண்டு. கழிப்பறையிலும் குளியலறையிலும் சுவரில் கைப்பிடி பொருத்த வேண்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரிய வேண்டும். வழுக்கும் மிதியடிகளை அகற்ற வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல், கட்டிலின் விளிம்பில் சிறிது நேரம் அமர்ந்தபின் எழுவதைப் பழக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்தால் படுக்கைப் புண்ணைப் பெருமளவு தடுக்கலாம். உணவை நிமிர்ந்து அமர்ந்த நிலையிலேயே ஊட்ட வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது அவ்வாறே இருக்கச் செய்வது நல்லது.

ஒரு குறிப்பேடு இருப்பது மிக உதவும். எந்த மருத்துவர் எந்த மாத்திரை கொடுத்தார், எப்போது தொடங்கியது, என்ன ஒவ்வாமை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இதயத்திற்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், தூக்கத்திற்கு ஒருவர் எனப் பல மருத்துவர்கள் தரும் மருந்துகளை யாரேனும் ஒரு மருத்துவர் முழுவதுமாகப் பார்த்தாக வேண்டும். கண்புரையையும் காது கேளாமையையும் புறக்கணிக்கலாகாது. ‘அம்மா யாரோடும் பேசுவதில்லை’ என்று வருந்தும் வீடுகள் சிலவற்றில், அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்பதே உண்மையாக இருக்கும்.

இதமான சொல்லும் வாய்மையும்

மாலை ஆறு மணி. சந்தாபுரா வீட்டில் தாய் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். “நான் வீட்டுக்குப் போகணும். மாடு கத்தும், பால் கறக்கணும்.” மருமகள் பதில் சொல்கிறாள்: “இதுதான் உங்க வீடு, அத்தை. மாட்டை வித்து இருபது வருஷம் ஆச்சு.” தாய் அழுகிறார். மறுநாள் மாலையும் அதே பேச்சு, அதே அழுகை.

மருமகள் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையைத் தாங்கி வைத்துக்கொள்ளும் நினைவாற்றல் தாய்க்கு இல்லை. ஒவ்வொரு மாலையும் அவர் தம் மாட்டைப் புதிதாக இழக்கிறார். மறதிநோயில் நிகழ்ச்சிகள் மறைந்தாலும் உணர்ச்சிகள் நெடுநாள் நிலைக்கின்றன. ‘வீட்டுக்குப் போகணும்’ என்பதன் பொருள் பெரும்பாலும் ‘எனக்குப் பயமாக இருக்கிறது, பழகிய இடம் வேண்டும்’ என்பதே. அந்தப் பொருளுக்கு விடை சொல்வதே பொருத்தம். “மாட்டுக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க, அத்தை?” என்று கேட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தால் போதும். பேச்சு மாட்டைச் சுற்றி வரும். பயம் மெல்ல விலகும்.

இது பொய் ஆகாதா என்ற ஐயம் நேர்மையான மனத்தில் எழும். மாடு இருக்கிறது என்று மருமகள் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள். நிகழ்ச்சியின் உண்மையை மறுக்காமல் மனத்தின் உண்மைக்கு மதிப்பளித்தாள். பிறருக்குத் தீங்கு பயக்காத பேச்சையே வாய்மை என்று வள்ளுவரும் வரையறுக்கிறார். மனம் நோகும் பேச்சைத் தவிர்ப்பதாக வியாதர் சொன்னதும் இத்தகைய விவேகத்தையே. பிற்காலத்தில் கற்ற மொழிகள் மறந்தாலும் தாய்மொழி நீண்டநாள் தங்குவதுண்டு. ஆகவே பகலில் துணைக்கு இருப்பவர் தமிழ் அறிந்தவராக இருப்பதும், பழைய பாடல்களும் ஊர்ப் பேச்சும் காதில் விழுவதும் மருந்துக்கு இணையான துணைகள்.

இரண்டாம் துணை: கைகள்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களின் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பராமரிக்கக் கடமைப்பட்ட பிள்ளைகள் என்று அச்சட்டம் குறிப்பிடுவது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் அந்த வரையறையில் இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நீராட்டுவதும் ஊட்டுவதும் இரவில் எழுவதும் மருமகளே. பேணியவன் என்ற பெயர் மட்டும் மகனுக்கு. தம் கையாலேயே பெற்றோரை நீராட்டியதாகச் சொன்ன தர்மவியாதரின் முன் இவ்வழக்கம் நிற்காது. சேவை தவமானால், அத்தவத்தை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பலனை மட்டும் எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

எனவே முதற்படி குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேசுவது. யார் எந்த நேரம், யார் எவ்வளவு பணம், மருத்துவரிடம் யார், இரவில் யார் என்பவற்றை எழுதி வைத்தால் பல மனத்தாங்கல்கள் எழாமலே போகும். தொலைவில் வாழும் உடன்பிறந்தவரும் செய்யத் தக்கது உண்டு: தவறாத மாதப் பங்கு, நாள்தோறும் தாயோடு பதினைந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு, ஆண்டில் இரண்டு வாரமாவது வந்து தங்கி, பேணுபவரை ஓய்வுக்கு அனுப்புதல். வந்து இரண்டு நாள் இருந்து, ‘அம்மா இளைத்துவிட்டாளே’ என்று குறை சொல்லிவிட்டுப் போவது உதவியாகாது.

ஊதியம் பெறும் உதவியாளரை அமர்த்துவதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. அவருக்கு வேலையைத் தெளிவாகச் சொல்லித் தர வேண்டும்; வாரத்தில் ஒருநாள் விடுப்பும் மரியாதையும் தர வேண்டும். பெற்றோரைத் தொடும் கைகள் அவமதிக்கப்பட்ட கைகளாக இருக்கக்கூடாது.

குடும்பத்திற்கு வெளியிலும் கைகள் உண்டு. 1998-இல் தொடங்கப்பட்ட நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை பெங்களூருவில் முதியோருக்கும் மறதிநோயாளருக்கும் பணியாற்றி வருகிறது. 1992-இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்ஸைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. முற்றிய புற்றுநோயாளருக்காக 1999 முதல் பெங்களூருவில் இயங்கும் கருணாஸ்ரயா கட்டணமின்றி வலிதணிப்புப் பராமரிப்பு அளிக்கிறது.

எல்லைக்கு அப்பால், பெற்றோர் இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கும் குடும்பங்களுக்கும் துணை உண்டு. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளோடு, இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீடு தேடிச் செல்வது இத்திட்டத்தின் நோக்கம். கேரளத்தில் இதற்கு முன்னோடியான முயற்சி உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான்கு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு முதியவருடன் அமர்ந்தால், அதுவும் இவ்வழியில் ஒரு சிறு படியே.

சட்டமும் அரசும் தரும் துணை

மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. 2021 முதல் நாடு முழுவதும் இயங்கும் இச்சேவை தகவலும் சட்ட வழிகாட்டுதலும் தருகிறது. கைவிடப்பட்ட முதியவர்களுக்கு நேரில் சென்றும் உதவுகிறது. 70 வயதை அடைந்த அனைவரும், வருமான வேறுபாடின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியவர்கள் என்று 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. நடைமுறை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதால், அருகிலுள்ள எந்த மருத்துவமனை இத்திட்டத்தில் உள்ளது என்று நோய் வருமுன்பே விசாரித்து அட்டை பெற்று வைப்பது நலம். வீட்டில் செய்யும் பராமரிப்புச் செலவுக்கு இது உதவாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

2007-ஆம் ஆண்டுச் சட்டம், புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோர வழிசெய்கிறது. அத்தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். தங்களைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்தபின், பிள்ளைகள் பேணாவிட்டால் அம்மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரவும் இடமுண்டு. அன்பு இருக்கும் இல்லத்தில் இச்சட்டத்திற்கு வேலையில்லை. ஆயினும் அன்பு தவறும் இடத்தில் முதியவர் நிராதரவாக நிற்கக்கூடாது என்பதே அதன் கருத்து.

பேணுபவரைப் பேணுதல்

பல ஆண்டுகள் பேணுபவர்களுக்கு ஓர் ஆழ்ந்த துயரம் உண்டு. அதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. ஒருநாள் பொறுமை இழந்து தாயிடம் கத்திவிடுகிறார்கள். ‘இது எப்போது முடியும்’ என்ற எண்ணம் ஒரு கணம் மின்னி மறைகிறது. உடனே, தாம் கொடியவர்கள் என்ற குற்றவுணர்வு நெஞ்சைப் பற்றிக்கொள்கிறது.

அந்த எண்ணம் கொடுமையின் அடையாளம் அன்று. பெரும்பாலும் தூக்கமின்மையின் அடையாளம். பேணுபவரின் சுமையை அளக்க, ஸ்டீவன் ஸாரிட் என்ற அறிஞரும் உடன் பணியாற்றியவர்களும் 1980-இல் ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கினர். அதன் 22 வினாக்கள் கொண்ட வடிவம் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. கோபம், வெட்கம், தமக்கென நேரமின்மை ஆகியவற்றைப் பற்றி அது வெளிப்படையாகக் கேட்கிறது. அதாவது, இவை பேணுபவர்கள் பலருக்கும் பொதுவானவை என்று மருத்துவ உலகம் அறிந்திருக்கிறது. மனம் தாங்க முடியாத நிலையில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இத்தேசியச் சேவைக்கு நிம்ஹான்ஸ் தலைமை மையமாக விளங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

மிகக் குறைவாக உண்பவனுக்கும் உறங்குபவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. சேவையும் யோகமே. ஆகவே பேணுபவரின் உறக்கமும் உணவும் அந்த யோகத்தின் அங்கங்கள். வாரத்தில் அரைநாள் வெளியே சென்று வருவது கடமையிலிருந்து தப்புவதாகாது. மறுநாள் இனிய முகத்தோடு தாயின் அருகில் அமர அதுவே வழி.

சில வேளைகளில் வீட்டில் பேணுவது இயலாததாகிவிடும். இரவெல்லாம் விழித்து வெளியே ஓட முயலும் நோயாளியையும், தாமே நோயுற்ற துணைவரையும் ஒரே இல்லத்தில் வைத்துக் காக்க முடியாது போகலாம். அப்போது நல்லதொரு பராமரிப்பு இல்லத்தை நாடுவது கைவிடுதல் ஆகாது. அங்கே விட்டபின் சென்று பார்க்காமல் இருப்பதே கைவிடுதல்.

பிற சேவைகளில் ஒரு பலன் தெரியும்: நோயாளி குணமடைவார், மாணவன் தேறுவான். முதுமையில் பேணும்போது உடல் மேலும் தளரவே செய்கிறது. மறதிநோயில், பேணும் மகளையே தாய் ‘நீ யார்?’ என்று கேட்கும் நாளும் வரலாம். நன்றியும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. பலனை எதிர்பாராமல் செய்யும் கர்மம் என்று நூல்கள் சொல்வதை இங்கே ஊட்டும் கையே கற்றுக்கொள்கிறது.

கதையின் முடிவில் தர்மவியாதர் கௌசிகரிடம் ஓர் உண்மையைச் சொல்கிறார். மகனைப் பிரிந்த துயரால் கௌசிகரின் பெற்றோர் பார்வையை இழந்திருந்தனர். அவர்களிடம் திரும்பிச் செல்வதே உயர்ந்த தர்மம் என்று வியாதர் அறிவுறுத்த, கௌசிகர் வீடு திரும்பினார். கொக்கை எரித்த தவம் அவருக்குத் தராததை, முதிய இருவரின் கைகளைப் பிடித்து நடத்தும் பணி தரும் என்பது அவருக்குப் புரிந்தது. இன்று அவ்வாறு திரும்பும் பிள்ளைகள் தனியாகத் திரும்ப வேண்டியதில்லை. உறவையும், அயலாரையும், மருத்துவத்தையும், சட்டத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு திரும்பலாம்.

சிந்தனைக்கு

1. தர்மவியாதர் செய்த சேவையின் மூன்று கூறுகள் யாவை? அவற்றுள் உங்கள் இல்லத்தில் குறைவாக இருப்பது எது?

2. உங்கள் குடும்பத்தில் முதியவரைப் பேணுபவர் யார்? அவர் சென்ற வாரம் எத்தனை இரவுகள் தடையின்றி உறங்கினார்?

3. நினைவிழந்த தாயிடம் உண்மை பேசுவதற்கும், அவரது பயத்திற்கு விடை சொல்வதற்கும் உள்ள வேறுபாடு என்ன?

4. உங்கள் தெருவில் அல்லது குடியிருப்பில் முதியவரைப் பேணும் ஒரு குடும்பத்திற்கு, இந்த வாரம் இரண்டு மணி நேரம் அளிக்க இயலுமா?